அய்யம்மாள் உருட்டிய பத்தி

சேத்தூர் மாடத்திக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மதுரை பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் வருவாள். சாப்பிடும்போதே பாதி உடம்பு எழுந்துவிடும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் சிவனாண்டி, "ஏட்டி, ஒனக்குக் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டுப் பார்த்தான். ராஜபாளையத்து மில்லில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து, தலையணை இல்லாவிட்டாலும் தூங்கிப்போகிற மனுஷன் அவன். இப்படி ஒருத்தியும் அப்படி ஒருத்தனும் எப்படி ஜோடி சேர்ந்தார்கள் என்று தெருவே கேட்டது. சில வருஷம் போன பிறகு தெருவுக்கும் பழகிவிட்டது.

அவள் உட்கார்ந்து செய்கிற ஒரே வேலை ஊதுபத்தி உருட்டுவது. பலகை முன்னால் சம்மணம் போட்டு, சுண்டைக்காய் அளவு ஈர மாவை எடுத்து, மூங்கில் குச்சியின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே தள்ளு. குச்சி பலகையில் ஓடி நிற்பதற்குள் மாவு அதற்குச் சட்டை போட்டாற்போல ஏறியிருக்கும். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த குச்சி. ஒரு மணி நேரத்தில் முன்னூறு உருட்டுவாள். ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும்.

ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. அவள் உருட்டுவது இடக்கையால்.

பிறவிப் பழக்கம். சோறு தின்ன, சாமி கும்பிட, யாருக்கும் எதையும் கொடுக்க வாங்க வலக்கைதான் என்று அவள் அம்மா கரண்டிக் காம்பால் அடித்து அடித்துத் திருத்தியிருந்தாள். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் திருத்தினார். பத்தி உருட்டுவதை மட்டும் அவளுக்கு யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை. சேத்தூரில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் உருட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தானாகப் படித்தது. கேட்பார் இல்லாததால் கை தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. வலக்கையால் உருட்டினால் மாவு ஓரிடத்தில் புடைக்கும், ஓரிடத்தில் மூங்கில் எட்டிப் பார்க்கும். சாமிக்கு ஏற்றுகிற பத்தியை இடக்கையால் உருட்டுகிறாள் என்று தெரிந்தால் எவன் வாங்குவான்? அதனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கை மாறிவிடும். கை பலகையில் இருந்தாலும் காது எப்போதும் வாசலில்தான் இருக்கும்.

முதலில் ராஜபாளையத்து ஏஜெண்டு ஒருவர் கொடுக்கும் மாவையும் குச்சியையும் வாங்கித்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். கரித்தூளும் மரத்தூளும் கலந்த மாவு. அதில் வாசனை என்று ஒன்றும் கிடையாது. உருட்டிய குச்சியை வேறு எந்த ஊருக்கோ கொண்டுபோய் வாசனை எண்ணெயில் முக்கி எடுப்பார்கள். ஒருநாள் ஒரு குச்சியை வீட்டிலேயே கொளுத்திப் பார்த்தாள். ஈர விறகு புகைந்தால் என்ன வாடை வருமோ அதுதான் வந்தது. 'இந்தக் கருமத்தையா நாள் முழுக்க உருட்டுதேன்' என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் அவள் பஸ் ஏறியாக வேண்டும்.

ராஜபாளையம் நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெள்ளைக் குங்கிலியம், கொஞ்சமே கொஞ்சம் சந்தனத்தூள், ஒட்டுவதற்கு ஏதோ ஒரு மரப்பட்டைத் தூள் எல்லாம் வாங்கி வந்தாள். இடித்தாள், சலித்தாள், இதைக் கூட்டினாள், அதைக் குறைத்தாள். நாலு மாதம் வீடு புகைந்துகொண்டே இருந்தது. "இப்பல்லாம் கொசு நம்ம வீட்டுப் பக்கமே வாரதில்ல" என்றான் சிவனாண்டி. பாராட்டாகத்தான் சொன்னான். ஐந்தாவது மாதம் ஒரு கலவை அமைந்தது. எரியும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. அது அணைந்த பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே யாரோ நல்லவர்கள் வந்துவிட்டுப் போனது போல இருக்கும். மாடத்தி அன்றைக்கு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக ஏழெட்டுத் தடவை நடந்தாள்.

அந்தப் பத்தியில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு 1985 தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள்.

ஆண்டாள் கோயிலுக்குப் போகிற தெருவில் ஸுந்தரராஜன் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். நெற்றி நிறைய நாமம், தோளில் ஒரு மேல்துண்டு, எதற்கும் அவசரப்படாத உடம்பு. அவருடைய மனைவி பங்கஜவல்லி கடைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டிலிருந்தபடியே வியாபாரம் முழுவதையும் காதால் கேட்டுக்கொண்டு, தேவைப்பட்ட இடத்தில் ஒரு வார்த்தையை வெளியே அனுப்புவாள்.

மாடத்தி கட்டை நீட்டினாள். வலக்கையால்தான்.

"உட்காரும்மா" என்று ஸ்டூலைக் காட்டினார் அவர்.

"இருக்கட்டும் சாமி."

ஊதுபத்தி வாங்குகிற எவரும் முதலில் செய்வது மூக்கருகே கொண்டுபோவது. ஸுந்தரராஜன் கட்டை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டார். ஒரு குச்சியை உருவி இரண்டு விரல்களுக்கு நடுவில் திருப்பினார். நகத்தால் சுண்டினார். மாவு உதிரவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

மாடத்தியால் பொறுக்க முடியவில்லை. "மோந்து பாருங்க சாமி, மோந்து பாத்தாத்தான தெரியும்?"

"பெருமாளுக்கு ஏத்தற வஸ்து. அவருக்கு முன்னாடி நான் மோந்து பார்க்கப்படாது. இன்னிக்குச் சாயங்காலம் ஏத்தறேன். அவர் அனுபவிச்சது போக மிச்சம் எனக்கு வரும். அடுத்த வெள்ளிக்கிழமை வா, சொல்றேன்."

"ஒரு வாரமா சாமி?"

"அவருக்கென்ன அவசரம்?"

அவருக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம். மாடத்தி அந்த ஒரு வாரத்தில் வீட்டுப் பாத்திரங்களை இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்தாள். தேய்க்க ஒன்றும் மிச்சமில்லாதபோது சிவனாண்டியின் சைக்கிளைத் தேய்த்தாள்.

மறு வெள்ளிக்கிழமை அவர் அவளுக்காகவே காத்திருந்தாற்போல் ஒரு தாம்பாளத்தை எடுத்து வைத்தார். அதில் விரல் நீளத்துக்குச் சாம்பல் ஒன்று உடையாமல் வளைந்து கிடந்தது.

"பார்த்தியா? உதிரவே இல்லை. குச்சியோட கடைசி வரைக்கும் நின்னு எரிஞ்சுது. மறுநாள் காத்தால ஆத்துப் பெருமாள் சந்நிதியைத் திறந்தேன், வாசனை அப்படியே உள்ள உட்கார்ந்துண்டிருக்கு. இந்தத் துண்டுல இன்னும் போகலை. வெட்டிவேர் சேர்த்திருக்கே, இல்லையா? ஆனா அது முன்னால வந்து நிக்கலை. அதான் அழகு." பிறகு ஒரு குச்சியை வெயிலில் பிடித்தார். "இன்னொண்ணு பாரு. கையால உருட்டின பத்தியில மயிரிழையா ஒரு முறுக்கு ஓடும். மத்த பத்தியில எல்லாம் அது இந்தப் பக்கம் சாயும். இதுல அந்தப் பக்கம் சாயறது. முப்பது வருஷமா பத்தி விக்கறேன், இப்படி நான் பார்த்ததில்லை. அதனாலதான் சாம்பல் நிக்கறது."

மாடத்தி இடக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். முறுக்கு ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அது தோன்றவே தோன்றாது. பெருமாளுக்கு உள்ள பொருளை ஒருத்தி இடக்கையால் செய்வாள் என்று நினைத்துப் பார்க்க அவருடைய புத்தியில் இடமே இல்லை. வாரம் இரண்டு கிலோ கொண்டுவரச் சொன்னார். அவள் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். சந்தோஷமா பயமா என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மறுவருஷம் ஆவணியில் ஒருநாள் பதினோரு மணி வெயிலில் ஸுந்தரராஜன் குடையைப் பிடித்துக்கொண்டு சேத்தூருக்கே வந்து நின்றுவிட்டார்.

"நாலு பேர் கேக்கறா, இது எங்க, யார் பண்றதுன்னு. நானே பார்க்காம எப்படிச் சொல்றது? நீ உருட்டு, நான் செத்த நேரம் பார்த்துட்டுப் போறேன்."

பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டாள். பலகை முன்னால் உட்கார்ந்தாள். வலக்கையால் மாவை எடுத்தாள். முதல் குச்சி நடுவில் புடைத்தது. இரண்டாவதில் பாதிக்கு மேல் மாவே ஏறவில்லை. மூன்றாவது பலகையிலேயே இரண்டாக உடைந்தது. ஸுந்தரராஜன் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இது நீ உருட்டறதே இல்லையே. நிஜத்தைச் சொல்லு, யார் உருட்டறா?"

நிஜத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண் வீட்டைச் சுற்றியது. அடுப்படி ஓரத்தில் பித்தளைக் குடம் ஒன்று இருந்தது. அடகுக் கடை ஏலத்தில் சிவனாண்டி எடுத்து வந்தது. அதன் கழுத்தில் யாரோ ஒருத்தியின் பெயர் வெட்டியிருந்தது.

"அய்யம்மாள்னு ஒருத்தி, சாமி. மூணு தெரு தள்ளி இருக்கா. அவதான் உருட்டுதா. நான் மாவு மட்டும் பெசஞ்சு குடுப்பேன்."

"அப்படிச் சொல்லு! கூப்பிடேன், ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"அவ ஆம்பளைக முன்னால வரமாட்டா சாமி. கலியாணமே கட்டிக்கிடல. குளிச்சிட்டு ஈரச் சேலையோட ஒக்காருவா. உருட்டி முடியுற வரைக்கும் யாருட்டயும் பேச மாட்டா. பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டா."

ஒரு பொய்க்கு இவ்வளவு தேவையில்லை. ஆனால் மாடத்திக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. ஸுந்தரராஜன் எழுந்து நின்று, அந்த மூன்று தெரு எந்தத் திசையில் இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்ட பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தெருவில் இறங்கிக் குடையை விரித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அன்றைக்குத் தொடங்கியது மாடத்திக்குப் பிடித்த சனி.

வெள்ளிக்கிழமைதோறும் கடைப்படி ஏறும்போதே, "அய்யம்மாள் சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்றால் போதாது. "போன வாரம் உருட்டினது ஒரு படி மேல இருந்ததுன்னு சொல்லு" என்பார். ஆடிப்பூரம் வந்தால் பங்கஜவல்லி ரவிக்கைத் துணியும் பால்கோவாவும் பொட்டலம் கட்டி வைத்திருப்பாள். அய்யம்மாளுக்குத்தான். "அவளுக்கு என்ன கலர் எடுப்பா இருக்கும்?" என்று கேட்டாள் ஒரு தடவை. "கிட்டத்தட்ட என் கலர்தான் மாமி" என்றாள் மாடத்தி. பால்கோவாவைச் சிவனாண்டி தின்றான். ரவிக்கைத் துணியை அவள் தைத்துப் போட்டுக்கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். அது ஏனோ அடுத்தவள் துணி போலவே இருந்தது.

ஐப்பசி மழையில் பத்தி சரியாகக் காயாமல் ஒரு கட்டு மங்கலாகப் போய்விடும். "அய்யம்மாளுக்கு உடம்பு சரியில்லையா என்ன? இல்லே, நடுவுல நீ ஏதாவது கை வெச்சியா?" என்பார் அவர். நன்றாக இருந்தால் அய்யம்மாள், மோசமாக இருந்தால் மாடத்தி. பாராட்டெல்லாம் அங்கே, பஸ் டிக்கெட் இங்கே. திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டுக்குள்ளேயே அய்யம்மாளைத் திட்டிக்கொண்டு வருவாள். கண்டக்டர் ஒருநாள், "யாரைம்மா வையுத?" என்று கேட்டே விட்டார்.

இரண்டு வருஷம் வலக்கையைப் பழக்கிப் பார்த்தாள். வலக்கையால் உருட்டிச் சரியாக வந்துவிட்டால், அய்யம்மாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல அவளை ஒதுக்கிவிடலாம் என்பது கணக்கு. தினம் நூறு குச்சி. நூறும் கோணல். அந்தக் கை அம்மாவிடம் அடி வாங்கிப் படித்த கை. சொன்னதைச் செய்யும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

"ஏட்டி, உள்ளத அவருட்டச் சொல்லித் தொலையேன். நல்ல மனுசந்தான" என்பான் சிவனாண்டி.

"சொல்லுதேன். பொறவு அடுத்த வாரம் வாங்குவாரா?"

சிவனாண்டி திரும்பிப் படுத்துக்கொள்வான். அவள் எழுந்துபோய் ஏற்கெனவே பூட்டியிருந்த கதவைப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. 1996-இல் ஸுந்தரராஜனின் கடையில் வெளியூர் ஊதுபத்திகள் பளபளக்கிற அட்டைப் பெட்டிகளில் வந்து உட்கார்ந்தன. வழக்கமாக வருகிறவர்கள் கட்டுப் பத்தியைத்தான் கேட்டார்கள், ஆனால் புதிதாக வருகிறவர்கள் கண் பெட்டிப் பக்கம் போனது. இவர் சும்மா இருக்கவில்லை. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மாடத்தி போனபோது மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். சிவகாசியில் அடித்து வந்த லேபிள். மஞ்சள் காகிதம், ஓரத்தில் துளசி இலை, நடுவில் கொட்டை எழுத்து: 'அய்யம்மாள் கையுருட்டு ஊதுபத்தி, சேத்தூர்.'

"எப்படி இருக்கு? கொண்டுபோய் அவகிட்ட ஒண்ணு குடு. சந்தோஷப்படுவா."

மாடத்தி எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பேச்சாக இருந்தவரை அது காற்றோடு போயிற்று. இப்போது அச்சில் ஏறிவிட்டது. ஒவ்வொரு கட்டின் மேலும் அய்யம்மாள் பெயர் ஒட்டும். வாங்குகிறவன் வீட்டுக்குப் போகும், சாமி மாடத்துக்குப் போகும். மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்குச் சேத்தூர் ரேஷன் கார்டைத் தவிர வேறு அத்தாட்சி இருக்காது. வயிறு எரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் நிற்கவில்லை. ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் நடுவே காரணமில்லாமல் நாலு தடவை பஸ்ஸில் போய் வந்தாள். மறு வெள்ளிக்கிழமை கடைப்படி ஏறியதும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அய்யம்மா செத்துப் போயிட்டா சாமி. செவ்வாக்கெழம. காச்சல்ல."

ஸுந்தரராஜனின் கையில் இருந்த தராசுத் தட்டு சாய்ந்தது. "பங்கஜம்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "அய்யம்மாள் போயிட்டாளாம்." பின்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பங்கஜவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து மாடத்திக்கும் அழுகை வந்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியதும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "இனிமே நானே உருட்டித் தாரேன் சாமி."

"வேண்டாம்மா." அவர் அன்பாகத்தான் சொன்னார். "உன் கை எனக்குத் தெரியுமே. நான்தான் நேர்ல பார்த்தேனே." அவள் கொண்டுவந்த கட்டைத் தடவிப் பார்த்தார். "இது அவ கடைசியா உருட்டினதா?"

"ஆமா."

"இதை விக்கப் போறதில்லை. பெருமாளுக்கு மட்டும் வெச்சுக்கறேன்."

லேபிள் கட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அவ்வளவுதான். பத்து வருஷத்து வேலை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அய்யம்மாளைக் கொன்றதில் செத்தது மாடத்திதான் என்பது பஸ் ராஜபாளையம் தாண்டின பிறகே அவளுக்கு உறைத்தது. மறுபடி ஏஜெண்டிடம் போய் மரத்தூள் மாவுக்குக் கைநீட்டுவதா? வீட்டுக்கு வந்து கைகால் கழுவக்கூட இல்லை. மாவைப் பிசைந்தாள். எதற்குப் பிசைகிறோம் என்று தெரியாமல் பிசைந்தாள். சனிக்கிழமையும் பிசைந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பிசைந்து வைத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு வாசலில் குடை தெரிந்தது. ஒரு கையில் குடை. இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய சாமந்தி மாலை.

"அவ இருந்தபோது பார்க்கக் குடுத்து வைக்கலை," என்றார் ஸுந்தரராஜன், வாசற்படியில் நின்றபடியே. "வீட்டைக் காட்டு. படம் இருந்தா ஒரு மாலை போட்டுட்டுப் போறேன். யாராவது உறவுக்காரா இருந்தா அவாளையும் பார்த்து ரெண்டு வார்த்தை சொல்லணும்."

மாடத்தி சிவனாண்டியைப் பார்த்தாள். சிவனாண்டி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

மூன்று தெரு தள்ளி எந்தக் கதவைத் தட்டுவாள்? எந்தப் படத்தைக் காட்டுவாள்? இவ்வளவு நாள் ஓடிய கால் அந்த நிமிஷம் நகர மறுத்துவிட்டது. பலகையை எடுத்து வாசலுக்கு நேராக, வெளிச்சத்தில் போட்டாள். மாவுச் சட்டியை இழுத்தாள். கதவைச் சாத்தவில்லை. உட்கார்ந்து, இடக்கையால் மாவை எடுத்து, குச்சியில் வைத்துத் தள்ளினாள்.

ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் உருட்டிக்கொண்டே இருந்தாள். இருபது, இருபத்தைந்து ஆகியிருக்கும். ஸுந்தரராஜன் குனிந்து ஒன்றை எடுத்தார். ஈரம் காயாத குச்சியை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். முறுக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. குச்சியைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அய்யம்மாள்?"

மாடத்தி அடுத்த குச்சியை எடுத்தாள். சிவனாண்டிதான் தலையைச் சொறிந்துகொண்டு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினான். "அந்தக் கொடம், சாமி."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குனிந்து, குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பத்து வருஷம்," என்றார். "பெருமாளுக்கு, பத்து வருஷமா..." கையில் மாலை இருந்தது. உயிரோடு இருக்கிறவளிடம் அதைக் கொடுக்க முடியாது. செத்தவளுக்கென்று வாங்கியதை வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுபோக முடியாது. அவர் தவிப்பதைப் பார்த்து, சிவனாண்டி மரியாதையாக இரண்டு கையாலும் மாலையை வாங்கி அந்தக் குடத்தின் கழுத்திலேயே போட்டான். வேறொரு நாளாக இருந்திருந்தால் மூன்று பேருமே சிரித்திருப்பார்கள். ஸுந்தரராஜன் குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நடந்து போனார்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். இந்த நாலு நாளை மாடத்தி எப்படிக் கழித்தாள் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வீட்டில் நகர்த்தக்கூடிய சாமான் எதுவும் தன் இடத்தில் இல்லை. குடத்தை மட்டும் தொடவில்லை. மாலை அதன்மேல் வாடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கிலோவை நிறுத்துக் கட்டினாள்.

"போவாதட்டி. அவிய வாங்க மாட்டாவ."

"வாங்காட்டித் திட்டட்டும். திட்டவாவது செய்யட்டும். இப்பிடி ஒண்ணுமே சொல்லாமப் போனா நான் எம்புட்டு நாளு இருக்க?"

பஸ்ஸில் வழக்கம்போல நின்றுகொண்டு போனாள். கடையில் அவர் இல்லை. பங்கஜவல்லிதான் முன்னால் உட்கார்ந்து கற்பூரப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். மாடத்தியைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். பேச்சு மாடத்தியிடம், கேட்க வேண்டிய காது பின்கட்டில்.

"வந்தியா? ஞாயித்துக்கிழமைலேர்ந்து இங்க யாரும் பத்தி ஏத்தலை. யாரும் வாயும் திறக்கலை. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் குடுத்தாளே ஒருத்தி, அவ வாசல்ல கடை வெச்சுண்டு, எந்தக் கையால பண்ணினதுன்னு நீர் ஆராய்ச்சி பண்றீரேன்னு கேட்டேன்."

"போறும், கேட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஸுந்தரராஜன் வெளியே வந்தார். நாலு நாளில் இளைத்திருந்தார். மாடத்தியை நேராகப் பார்த்தார்.

"கையைப் பத்தி எனக்கு ஆறிடுத்து. பொய்யைப் பத்தித்தான் ஆறலை. ஒரு மனுஷி செத்துட்டான்னு நான் தலைக்கு ஸ்நானம் பண்ணினேன். அழுதேன். தெரியுமா உனக்கு?"

"நானும் அழுதேன் சாமி."

"நீ எதுக்கு அழுதே?"

"அம்புட்டுப் பேரும் அவளுக்கே போச்சே சாமி," என்றாள் மாடத்தி. அவ்வளவுதான் சொல்ல வந்தது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "மழையில காய வச்சது நான். வெட்டிவேரு இடிச்சு மூச்சு அடைச்சுக் கெடந்தது நான். நல்லாருக்குன்னு நீங்க ஒருக்காவாவது என்னப் பாத்துச் சொன்னியளா? நீங்க சொல்ல முடியாதபடிக்கு நாந்தான் பண்ணிக்கிட்டேன். எந் தப்புதான். ஆனாலும் பொறுக்கல."

ஸுந்தரராஜன் அலமாரியைத் திறந்து மஞ்சள் லேபிள் கட்டை எடுத்தார். பங்கஜவல்லியிடம் நீட்டினார். "வெந்நீர் அடுப்புக்கு ஆகும்." பிறகு மாடத்தியின் பக்கம் கையை நீட்டினார்.

அவள் அவசரமாகப் பையிலிருந்து கட்டை எடுத்து நீட்டினாள். பழக்கதோஷம், வலக்கை.

அவர் வாங்கவில்லை.

"அந்தக் கை வேண்டாம். உருட்டின கையால குடு."

மாடத்திக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அம்மாவின் கரண்டிக் காம்பு எங்கிருந்தோ வந்து முழங்கையில் விழும் போலிருந்தது. விவரம் தெரிந்த நாள் முதல் அந்தக் கையால் அவள் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. பிச்சைக்காரனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. கட்டைக் கை மாற்றி, இடக்கையால் நீட்டினாள்.

ஸுந்தரராஜன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்தபடியே உள்ளே கொண்டுபோனார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மாடத்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாசனை வெளியே வந்து சேரும் வரை எழுந்திருக்கவில்லை.